கவச உடைக்குள் என்ன வேலை நடந்தது?

கொரோனா காலத்து மருத்துவமனை ஊழியர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அவர்கள் கடவுள்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் கடவுளுக்குப் பசிக்காது, பயம் வராது, சம்பளப் பாக்கி இருக்காது. அதனாலேயே எனக்கு அந்தப் பாராட்டு ஒட்டவில்லை. அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு பாராட்ட வேண்டும் என்பது என் கட்சி.

மூச்சுத்திணறல் முற்றி வென்டிலேட்டரில் இருந்த பலரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் நன்றாக விரியும், இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நோயாளி மயக்க மருந்தில் துவண்டு கிடப்பார். தொண்டைக்குள் குழாய், கழுத்திலும் கையிலும் மருந்து ஏறும் வழிகள். அவரைப் புரட்ட ஐந்தாறு பேராவது வேண்டும். தலைமாட்டில் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். குழாய் நழுவினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். சுமார் 16 மணி நேரம் அப்படியே கிடத்திவிட்டு, மறுபடி மல்லாத்த வேண்டும். நடுவில் கன்னத்தில் புண் வராமல் தலையை மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும், கண் உலர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். மறுநாள் மறுபடியும் அதே வேலை. இதில் பெரும்பங்கு செவிலியர்களின் கைவேலை. ஒரு ஐசியூவில் இப்படிப் பத்துப் பேர் இருந்தால் எத்தனை கைகள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதுவும் பிபிஇ எனும் உடல் முழுக்க மூடும் கவச உடைக்குள் இருந்துகொண்டு. ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறைக்குப் போக முடியாது. உலகச் சுகாதாரப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். மாதவிடாய் நாட்களில் அந்த உடைக்குள் ஆறு மணி நேரம் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று எந்த வாழ்த்துச் செய்தியும் யோசித்ததாகத் தெரியவில்லை. உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். வேலை முடிந்து களைத்துப்போன நேரத்தில், வெளிப்பக்கம் தோலில் படாமல், ஒவ்வொன்றாக உரித்து, ஒவ்வொரு முறையும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்ததால் மார்பில் மார்க்கரால் பெயரை எழுதிக்கொண்டவர்கள் உண்டு. நோயாளிக்கு ஆள் அடையாளம் தெரிய அது ஒரு வழி.

சரி, டாக்டரும் நர்ஸும் நம் நன்றிப் பட்டியலில் எப்படியோ வந்துவிடுகிறார்கள். கட்டில் கம்பியையும் தரையையும் துடைத்து, கழிவுப் பைகளைக் கட்டித் தூக்கிய தூய்மைப் பணியாளர்? ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்? நாள் முழுக்க சளி மாதிரிகளைத் திறந்து பரிசோதித்த லேப் டெக்னீஷியன்? ஆக்ஸிஜன் அழுத்தம் குறைகிறதா என்று ராத்திரியெல்லாம் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்? பிணவறையில் வேலை செய்தவரை விட்டே விட்டோம். குடும்பம் கிட்டே வர முடியாத உடல்களை அவர்தான் கடைசியாகத் தொட்டார்.

இந்த ஆபத்து யாருக்கும் தெரியாமல் வந்ததும் அல்ல. கொரோனாவைப் போலவே நுரையீரலைத் தாக்கும் சார்ஸ் நோயின் 2003 பரவலில் உலகம் முழுக்கப் பதிவான எட்டாயிரத்துச் சொச்சம் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர். அந்த நோயை வியட்நாமின் ஹனோயில் முதலில் இனங்கண்டு எச்சரித்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானியே அதே நோயில் இறந்தார். இப்படிப்பட்ட நோய் வந்தால் முதலில் யாரைத் தாக்கும் என்பது அப்போதே தெரியும். இருந்தும் 2020 மார்ச்சில் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, பணக்கார நாடுகளில்கூட முகக்கவசம் போதவில்லை. ஒருமுறை போட்டுவிட்டு எறிய வேண்டியதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். (அந்த 2020-ஐத்தான் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆண்டாக முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். நவீன செவிலியப் பணியின் முன்னோடி புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் ஆனதற்காக!) 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மதிப்பீட்டின் இரு முனைக்கும் நடுவே ஒரு லட்சம் பேர். இறந்தவர்களைச் சரியாக எண்ணக்கூட இல்லை என்பதுதான் இதற்குப் பொருள்.

அவர்களுக்கு நன்றி சொல்ல மக்கள் கைதட்டியதை நான் குறை சொல்லவில்லை. ஜன்னலோரம் நின்று தட்டிய சத்தம் கேட்டு, அழுதுகொண்டே வேலைக்குப் போன நர்ஸுகள் இருந்திருப்பார்கள். ஆனால் அதே நாட்களில்தான், தொற்றைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று அவர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் பல நாடுகளில் நடந்தது. தலையில் தூக்கி வைக்கவும் தள்ளி வைக்கவும் நமக்கு நேரமே ஆகவில்லை.

என்னைக் கேட்டால் நன்றியை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்ற வரம்பு, கிடங்கில் போதுமான கவசம், சம்பளத்தோடு நோய் விடுப்பு. இவை எல்லாமே ஒப்பந்தப் பணியாளருக்கும் சேர்த்து. அப்புறம் இன்னொன்று: தொற்று வார்டில் வேலை பார்த்தவர் அந்த நோயிலேயே இறந்தால், அது பணியில் நேர்ந்த மரணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே தொற்றியது என்று நிரூபிக்கச் சொன்னால் எந்தக் குடும்பத்தால் முடியும்? இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வேலை கொடுத்தவரின் பாடு.