மிஞ்சிய ஐந்து தார்

(திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சரக்கறை. ஐப்பசி மாதம், முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணி. பெண்ணின் தந்தை சிவராமன், அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சமையல் மாஸ்டர் முத்தையா, சாமான் வாங்குவது முதல் பந்தி பரிமாறுவது வரை மொத்தமாக ஒப்பந்தம் பேசுபவர். பன்னிரண்டு மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். மூலையில் ஐந்து பூவன் தார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.)

சிவராமன்: மாஸ்டர், அறுநூறு பேர் வந்து போன கல்யாணத்தில், நாம் இறக்கிய எட்டுத் தாரில் மூன்று மட்டும் செலவாகி ஐந்து அப்படியே கிடக்கிறதென்றால், வந்தவர்கள் தாம்பூலம் வாங்காமலா போனார்கள்?

முத்தையா: வாங்கினார்கள் ஐயா, நம்மிடம் வாங்கவில்லை. சம்பந்தி வீட்டார் தாங்களும் தாம்பூலப் பை கட்டிக்கொண்டு வந்து, வாசலின் மறுபக்கத்தில் நின்று கொடுத்தார்கள். அந்தப் பையில் செவ்வாழை இருந்தது. செவ்வாழை கிடைக்கும் பக்கத்தை விட்டுவிட்டுப் பூவன் கிடைக்கும் பக்கத்துக்கு யார் வருவார்கள்? உங்கள் மைத்துனரே அங்கே இரண்டு முறை போய் வந்தார்.

சிவராமன்: மூன்று முறை போனார், மூன்றாவது பையை என்னிடமே கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கும்படி சொன்னார். அது கிடக்கட்டும். தார் 500 ரூபாய் வீதம் ஐந்து தாருக்கு 2,500 ரூபாய் ஆகிறது. தாருக்குப் பத்துச் சீப்பு, சீப்புக்குப் பதினைந்து பழம் என்று வைத்தால் 750 பழங்கள். இவற்றில் ஒன்றுகூட அழுகிப்போகாமல் காப்பாற்றும் வழியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முத்தையா: வீட்டில் சாப்பிடுவதற்கு எத்தனை பேர் இருக்கிறீர்கள் ஐயா?

சிவராமன்: பெண்ணை அனுப்பிய பிறகு நானும் என் மனைவியும்தான். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் நாளுக்கு அரைப் பழத்துக்கு மேல் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு வாழைப்பழம் பிடிக்காது.

முத்தையா: அப்படியானால் நான்கு ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

சிவராமன்: கேலி பேசும் நேரமா இது? முதலில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. எல்லாத் தாரையும் காந்தி மார்க்கெட்டில் ஒரே கடையில், ஒரே நாளில் பார்த்து வாங்கியதாகச் சொன்னீர்கள். அடியில் இருக்கும் இரண்டு தார் மட்டும் ஏன் இப்படிக் கறுத்துக் குழைந்து கிடக்கின்றன?

முத்தையா: (தொண்டையைச் செருமிக்கொண்டு) அடுக்கிய முறை அப்படி ஐயா. வாழைப்பழம் பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவைத் தானே வெளியிடுகிறது. அந்த வாயு பக்கத்தில் இருக்கும் பழத்தையும் பழுக்கச் செய்கிறது. வியாபாரிகள் அறையை மூடி அதே வாயுவை அளவாகச் செலுத்தித்தான் காயைப் பழுக்க வைக்கிறார்கள். தாரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தால் காற்று வந்து அந்த வாயுவைக் கலைத்திருக்கும். நீங்களோ, நாற்காலி அடுக்க இடம் வேண்டுமென்று, ஜன்னல்கூட இல்லாத இந்த அறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொன்னீர்கள். அடியில் கிடந்த இரண்டும் மேலே இருந்த மூன்றின் பாரத்தையும் தாங்கி நசுங்கின. அடிபட்ட பழம் வாயுவை இன்னும் அதிகமாக விடும் என்பதால் அவை மற்றவற்றை முந்திக்கொண்டன.

சிவராமன்: நாற்காலிக்கு இடம் விட்டது ஒரு குற்றமா? சரி, பழனியில் பஞ்சாமிர்தம் செய்து டப்பாவில் அடைத்து ஊர் ஊராக அனுப்புகிறார்களே, அதையே நாமும் செய்தால் என்ன? ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டால் பழமும் தீரும், உறவினர்களுக்கும் மனம் குளிரும்.

முத்தையா: அது விருப்பாட்சி மலைவாழையில் செய்வது ஐயா. மலைவாழையில் நீர்ப்பசை குறைவு. அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், சர்க்கரையும் தேனும் நெய்யும் சேர்த்துப் பிசையும்போது கெட்டியாக நின்று கெடாமல் இருக்கிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்துவிட்டார்கள். பூவனில் பிசைந்தால் மறுநாளே நீர் விட்டுக்கொண்டு புளிக்கத் தொடங்கும். மூன்றாம் நாள் டப்பாவின் மூடி தானாகத் திறந்துகொள்ளும். உறவினர் வீட்டுப் பூசையறையில் அப்படி நடந்தால் அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

சிவராமன்: குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்?

முத்தையா: 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைப்பழத்தின் தோல் கறுத்துவிடும். கனிந்த பழமாக இருந்தால் உள்ளே இருக்கும் சதைக்கு ஒன்றும் ஆகாது, சில நாள் தாங்கும். தோலைப் பார்த்துப் பயப்படாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். காயாக இருக்கும்போதே உள்ளே வைத்துவிட்டால்தான் பிறகு வெளியில் எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. தோலை உரித்துத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில்கூட இருக்கும், பாலோடு சேர்த்து அடித்துக் குடிக்கலாம். ஆனால் தோலோடு வைத்துவிடாதீர்கள். பிறகு அதை உரிப்பதற்குக் கல் தச்சரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். உங்கள் ஃப்ரீசர் எவ்வளவு பெரியது?

சிவராமன்: இரண்டு ஐஸ் தட்டு வைக்கலாம். ஒன்றில் என் மனைவி மல்லிகைப்பூ வைத்திருக்கிறாள்.

முத்தையா: அப்படியானால் அதில் ஒரு சீப்புக் கணக்குத்தான் முடியும்.

சிவராமன்: உலர்த்திவிடலாமே! தொட்டியம் பக்கத்தில் வாழைப்பழத்தை உலர்த்தித் தேனில் ஊற வைத்து விற்பதை நான் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

முத்தையா: நல்ல யோசனைதான். கற்பூரவல்லியாக இருந்தால் இன்னும் நன்றாக வரும். தாயனூரில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இதற்கெல்லாம் பயிற்சியே கொடுக்கிறார்கள். பழத்தை உரித்து நீளவாக்கில் வகுந்து, ஈ அண்டாதபடி வலை போட்டு, நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள் காய வைத்தால், நான்கு கிலோ சதை ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுண்டி, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். வெளியே கொஞ்சம் எட்டிப் பாருங்கள் ஐயா.

(சிவராமன் கதவைத் திறக்கிறார். மூன்று நாளாக விடாத ஐப்பசி மழை, பந்தலின் கிழிசல் வழியாக அவருடைய வழுக்கையைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. கதவை மூடுகிறார்.)

சிவராமன்: சரி, அடுப்பில் வைத்தே தீர்த்துவிடுவோம். அல்வா கிண்டுங்கள்.

முத்தையா: கிண்டலாம். 750 பழத்தை உரித்தால் 50 கிலோ சதை தேறும். பூவனில் புளிப்பு இருப்பதால் சர்க்கரை கூடுதலாக விழும். நெய் குறைந்தால் அடிப்பிடிக்கும். 8 கிலோ நெய்யாவது இல்லாமல் நான் கரண்டியைத் தொட மாட்டேன். கிலோ 700 ரூபாய் என்று வைத்தால்...

சிவராமன்: (கணக்கு எழுதிய கை தானாக விரல் விடுகிறது) 5,600 ரூபாய். 2,500 ரூபாய்ப் பழத்தைக் காப்பாற்ற 5,600 ரூபாய்க்கு நெய்யா?

முத்தையா: சர்க்கரை, முந்திரி, ஏலக்காய், எரிவாயு, என் ஆட்கள் இரண்டு பேருடைய கூலி ஆகியவற்றை நான் இன்னும் சொல்லவே தொடங்கவில்லை.

சிவராமன்: சொல்லவே வேண்டாம். நெய் இல்லாத பண்டம் ஒன்றும் உங்களுக்குத் தெரியாதா?

முத்தையா: ஜாமுக்கு நெய் வேண்டாம். மசித்த பழத்தில் சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, வாழைப்பழத்தில் புளிப்பு போதாது என்பதால் எலுமிச்சம்பழம் பிழிந்து, கொதிநீரில் கழுவிய பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூட வேண்டும். உண்மையில் பழத்தைக் கெடாமல் வைத்திருப்பது அந்தச் சர்க்கரைதான். அதில் கை வைத்துக் குறைத்தால் பத்து நாளில் பூஞ்சை பூத்துவிடும். 50 கிலோவுக்கு 30 கிலோவுக்கு மேல் சர்க்கரை வேண்டும், நூற்றுக்கணக்கில் பாட்டில் வேண்டும். அப்பம் சுடலாம் என்றால், கிலோ மாவுக்குப் பத்துப் பழத்துக்கு மேல் போட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும் என்பதால், 75 கிலோ கோதுமை மாவு வாங்க வேண்டும். மங்களூர் பன் என்று ஒன்று இருக்கிறது. பழத்தை மசித்துத் தயிரும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து இரவு முழுக்க வைத்திருந்து பொரிப்பார்கள், மிக அருமையாக இருக்கும். ஆனால் மண்டபத்துக்காரர் நமக்கு இரவு தர மாட்டார். பன்னிரண்டு மணிதான் தந்திருக்கிறார்.

சிவராமன்: ஆக, பழத்தைக் காப்பாற்றுவதற்கு நான் பழத்தைவிட விலை அதிகமான எல்லாவற்றையும் செலவழிக்க வேண்டும். சரி, கோசாலைக்குக் கொடுத்துப் புண்ணியமாவது தேடிக்கொள்கிறேன்.

முத்தையா: மாட்டுக்கு இரண்டு மூன்று கொடுத்தால் புண்ணியம், கூடை கூடையாகக் கொட்டினால் அத்தனை சர்க்கரையும் வயிற்றில் புளித்து மாடு படுத்துவிடும், அப்புறம் பாவத்துக்கும் நீங்கள்தான் கணக்கு எழுத வேண்டும். கோயில் யானையையும் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் மருத்துவர் உணவுப் பட்டியல் எழுதித்தான் கொடுத்திருக்கிறார், உங்களுக்கு எழுதிக் கொடுத்ததைப் போலவே.

சிவராமன்: (குரலைத் தாழ்த்தி) சம்பந்தி வீட்டுக்கு நாளைக்கு மறுவீட்டு அழைப்புக்குப் போகிறோம். வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? ஒரு தாரைத் துடைத்து, பூச்சுற்றி...

முத்தையா: செவ்வாழை கொடுத்தவர்கள் வீட்டுக்குக் கல்யாணத்தில் மிஞ்சிய பூவனைக் கொண்டுபோகப் போகிறீர்களா? அந்த அம்மாள் காம்பைப் பார்த்த மாத்திரத்தில் தார் வெட்டிய கிழமையையே சொல்லிவிடுவார். உங்கள் பெண் அங்கே வாழ வேண்டும் ஐயா.

(சிவராமன் சர்க்கரை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிடுகிறார். மண்டபத்துக் காவலாளி எட்டிப் பார்த்து, வாசலில் கட்டிய இரண்டு வாழைமரங்களையும் அவிழ்த்து எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போகிறார்.)

சிவராமன்: ஐயோ, அவற்றிலும் குலை இருக்கிறதே!

முத்தையா: அதற்கு ஏன் அலறுகிறீர்கள்? அவை முற்றாத காய்கள். நிழலில் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும். பொரியலுக்கு, பஜ்ஜிக்கு, வறுவலுக்கு வேண்டியபோது சீவிக்கொள்ளலாம். மரத்தை உரித்தால் தண்டு, நுனியில் பூ. கல்யாணத்தில் நீங்கள் வாங்கியவற்றுள் உருப்படியாக வீடு போய்ச் சேரக்கூடியவை அவை இரண்டுதான். அலங்காரம் என்று நினைத்து வாங்கியதால் உங்களுக்கு அவற்றின் அருமை தெரியவில்லை. இப்போது எழுந்திருங்கள், இந்த ஐந்தையும் பிரிப்போம். மொத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் 750 பழமும் ஒரே கவலையாகத்தான் தெரியும்.

(இருவரும் தார்களை இறக்கிச் சீப்புச் சீப்பாக அறுக்கிறார்கள். முத்தையா ஒவ்வொரு சீப்பையும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தே பக்கம் பிரிக்கிறார். சிவராமன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு அவரோடு சண்டை போடுகிறார்.)

முத்தையா: நடுவில் இருந்த இந்த ஒரு தார் இன்றைக்கே சாப்பிட வேண்டிய பக்குவத்தில் இருக்கிறது. பாத்திரம் துலக்குபவர்கள், பந்தல் பிரிப்பவர்கள், வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் என்று ஆளுக்கு அரைச் சீப்புக் கொடுங்கள், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கறுத்த இரண்டு தாரில் நசுங்கியதைத் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் உரிக்கச் சொல்கிறேன். நேற்று மிஞ்சிய கோதுமை மாவும் வெல்லமும் எண்ணெயும் இருக்கின்றன, அவற்றுக்கு எவ்வளவு பழம் இழுக்குமோ அவ்வளவுக்கு அப்பம் சுட்டால் உங்களுக்குக் காசு செலவில்லை. அப்பத்தை நீங்கள் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அதற்குக் காம்பு கிடையாது.

சிவராமன்: மேலே இருந்த இந்த இரண்டு தார்? இவை இன்னும் கெட்டியாக, மஞ்சள் மாறாமல் இருக்கின்றனவே.

முத்தையா: இவை இன்றிரவுத் தாம்பூலத்துக்கு ஆகும். மாலை நான்கு மணிக்கு இதே மண்டபத்தில் அடுத்த கல்யாணத்தின் வரவேற்புக்கு ஆள் வருகிறார்கள். அதற்கும் நான்தான் சமையல்.

சிவராமன்: இதை ஏன் நீங்கள் எட்டு மணிக்கே சொல்லவில்லை?

முத்தையா: நீங்கள் பழத்தைக் காப்பாற்றும் வழியைத்தான் கேட்டீர்கள், தள்ளிவிடும் வழியைக் கேட்கவில்லை.

சிவராமன்: (சட்டென்று நிமிர்ந்து, அதுவரை திட்டிக்கொண்டிருந்த தாரைத் தடவிக் கொடுத்து) இது எப்படிப்பட்ட பழம் என்று பார்த்தீர்களா மாஸ்டர்? திருஷ்டி பட்டுவிடும் போலிருக்கிறது. தார் 600 ரூபாய்க்குக் குறைத்துத் தர மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

முத்தையா: நீங்கள் வாங்கியதே 500 ரூபாய்க்கு.

சிவராமன்: ஒரு நாள் முழுக்க வைத்துப் பாதுகாத்திருக்கிறேனே, அதற்கு ஒரு மதிப்பு கிடையாதா?

முத்தையா: நீங்கள் பாதுகாத்த அழகுதான் அடியில் தெரிந்ததே. 400 என்றால் இப்போதே என் ஆளை விட்டு எடுத்துத் தொங்கவிடுவேன். நீங்கள் 450, 425 என்று பேரம் பேசி இறங்கி வருவதற்குள் இவையும் அப்ப மாவில்தான் விழும்.

சிவராமன்: சரி, 400. ஆனால் ஒரு நிபந்தனை. இவை நேற்றைய கல்யாணத்தில் மிஞ்சியவை என்று அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் தெரியக் கூடாது.

முத்தையா: அவர் எங்கே கேட்கப் போகிறார் ஐயா? உங்களுக்கு இறக்கிய எட்டுத் தாரில் அந்தக் கறுத்த இரண்டும் யார் வீட்டுக் கல்யாணத்திலிருந்து வந்தன என்று நீங்கள் கேட்டீர்களா?