சக்கரத்துக்குப் பிறகுதான் பாடமே

குயவர் சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தப் பழகிவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது என்கிறது, மண்பாண்டம் வனையக் கற்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. வனைந்த பாண்டத்தைப் பெரும்பாலும் கெடுப்பது காயவைப்பதும் சூளையும்தான். அடியில் ‘எஸ்’ வடிவ விரிசல் வருகிறதா? வனையும்போதே அடிமண்ணை நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் இரண்டு மூன்று முறை அழுத்தி, தேங்கிய நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். விளிம்பு முந்திக் காய்ந்து அடி ஈரமாகவே கிடந்தாலும் விரிசல் விழும். தோல் பதம் (ஈரம் கொஞ்சம் இருந்தாலும் வடிவம் நெளியாத நிலை) வந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

சூளையில் வெடித்தால் காற்றுக்குமிழியைக் குறை சொல்வார்கள். மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிப் பிளப்பதே உண்மைக் காரணம். பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. முதல் சுடுதலில் 100 டிகிரி செல்சியஸ் நன்றாகத் தாண்டும்வரை நிதானம் வேண்டும். 573 டிகிரியை ஒட்டி மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென விரிவதால் அங்கேயும் அவசரம் கூடாது, ஆறும்போதும் அப்படியே.

கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் பூச்சு) பூசினால் அடியிலிருந்து 3 மில்லிமீட்டராவது துடைத்துவிடுங்கள், இல்லையேல் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் ஒவ்வொரு சோதனை வில்லைக்கும் (கிளேஸைப் பூசிச் சுட்டுப் பார்க்கும் சிறு மண் துண்டு) கலவை, பூச்சின் கனம், வெப்பம் மூன்றையும் நோட்டில் குறித்தே ஆக வேண்டும். வில்லையின் பின்புறம் எண்ணை இரும்பு ஆக்சைடால் எழுதுங்கள். பேனா மை எரிந்துபோகும்.