சார்ஜனுக்கு யார் வகுப்பு எடுப்பது?

நம்மவர் ஒருவர் மலேசியப் போலீஸில் பெரிய பதவிக்கு வந்துவிட்டால் நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் இரண்டு நாளைக்கு மாலையும் கைதட்டலும்தான். அதிலும் வெளிநாட்டில் தலைமைத்துவப் பயிற்சி முடித்து, சான்றிதழைப் பிடித்தபடி ஒரு படம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்தத் தலைமைத்துவப் பயிற்சி எந்தப் படியில் இருப்பவருக்கு அதிகம் தேவை என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு. நேரம் இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

நான் போலீஸ்காரன் இல்லை. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் லைன் லீடர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. இந்த வேலையில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மேனேஜர்களை ஹோட்டலில் உட்கார வைத்து இரண்டு நாள் தலைமைத்துவம் பேசலாம், படம் எடுக்கலாம். ராத்திரி ஷிஃப்டில் மூன்று மணிக்கு மெஷின் கோளாறு ஆகும்போது விதிப்படி நிறுத்துவதா, 'பரவாயில்லை ஓட்டு' என்பதா என்று முடிவு செய்வது லைன் லீடர். அந்தப் பெண் நேற்று வரை ஆப்பரேட்டர். கை வேகம் என்பதற்காகப் பதவி உயர்வு. இருபது பேரை எப்படி நடத்துவது, வயதில் மூத்தவரிடம் 'அண்ணே, இது சரியில்லை' என்று எப்படிச் சொல்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. 1989-ல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் வந்த பிறகு, அப்புறம் சம்பளத்தில் ஒரு சதவீதத்தைப் பயிற்சி நிதிக்கு லெவியாகக் கட்டச் சொல்லும் சட்டமும் வந்த பிறகு, தொழிற்சாலைகள் மெல்ல மெல்ல இதைப் புரிந்துகொண்டன. எல்லாம் இல்லை, சில.

போலீஸுக்கு வருவோம். ஒரு பையன் புலாபோலில், அதாவது போலீஸ் பயிற்சிக் கல்லூரியில், சட்டமும் கவாத்தும் துப்பாக்கியும் படித்து, கான்ஸ்டபிளாக வெளியே வருகிறான். முதல் நாள் ரோந்துக் காரில் அவன் பக்கத்தில் பதினைந்து வருட சர்வீஸ் உள்ள ஒரு கோப்பரல். 'அங்கே படிச்சதை அங்கேயே விட்டுட்டு வா தம்பி, இங்கே வேலை வேற' என்ற வசனம் உலகத்தில் எந்த நாட்டுப் போலீஸுக்கும் புதிதல்ல. பயிற்சிக் கல்லூரி மாதக் கணக்கில் ஊட்டியதை ஒரே ராத்திரியில் அழிக்கவும் அந்தக் கோப்பரலால் முடியும், ஆயுசுக்கும் நிற்க வைக்கவும் முடியும். என் கணக்கில் போலீஸ் படையின் உண்மையான பயிற்சி ஆசிரியர் அவர்தான். அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

2020 மே 25, மினியாப்போலிஸ். ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்த டெரிக் ஷோவினின் முகம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மற்ற மூவரைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. அதில் இருவர் பயிற்சி முடித்து முழு அதிகாரியாகி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். ஷோவின் பத்தொன்பது வருட அனுபவசாலி; அதோடு புதியவர்களுக்குக் களத்தில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அதிகாரி. அந்தப் புதியவர்களில் ஒருவருக்குப் பயிற்சி அதிகாரியாக இருந்தவரே அவர்தான். இன்னொரு புதியவர், 'ஆளைப் பக்கவாட்டில் திருப்பலாமா?' என்று கேட்டார். ஒரு தடவை இல்லை, திரும்பவும் கேட்டார். மூத்தவர் வேண்டாம் என்றார். அவ்வளவுதான், அடங்கிவிட்டார். சக போலீஸ்காரர் அத்துமீறினால் தடுக்க வேண்டும் என்ற விதி அந்த நகரப் போலீஸ் கையேட்டில் 2016-லிருந்தே இருந்தது. விதி இருந்தது, வகுப்பும் நடந்திருக்கும். நான்கு நாள் சர்வீஸ் உள்ளவன் பத்தொன்பது வருட சர்வீஸை எப்படித் தடுப்பான்?

இதையே பாடமாக்கியவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் 2016-ல் 'எபிக்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கூட வேலை செய்பவன் தப்புப் பண்ணப் போகிறான் என்று தெரிந்தால் எந்த வார்த்தையில், எந்த நொடியில் குறுக்கே போவது என்பதை ஒத்திகை பார்க்கும் பயிற்சி. பிறகு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி அதை 'ஏபிள்' என்ற பெயரில் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனது. (வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன். நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன் இல்லை, அவசரப்பட்டு மார் தட்ட வேண்டாம்.) எனக்கு இதில் பிடித்த விஷயம், தடுப்பவனுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து விடவில்லை. தடுக்கப்படும் மூத்தவருக்கும் உண்டு: சின்னவன் கையைப் பிடித்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே என்று.

தலைமைத்துவப் பயிற்சி என்றதும் நம் ஆட்கள் எஃப்.பி.ஐ. பெயரைச் சொல்வார்கள். 1935-ல் தொடங்கி, இப்போது குவாண்டிகோவில் நடக்கும் எஃப்.பி.ஐ. தேசிய அகாடமி, பத்து வாரப் படிப்பு, வெளிநாட்டு அதிகாரிகளும் போகிறார்கள். நல்ல இடம்தான். அதுபோக எஃப்.பி.ஐ.-லீடா என்று ஒரு சங்கம் உண்டு. பெயரில் எஃப்.பி.ஐ. இருந்தாலும் அது தனியான லாப நோக்கமற்ற அமைப்பு. அது மூன்று படிகளில் வகுப்பு நடத்துகிறது: முதலில் சூப்பர்வைசர், பிறகு கட்டளை அதிகாரி, கடைசியில் நிர்வாகத் தலைமை. மூன்றையும் முடித்தால் ஒரு விருது. படம் எடுத்துப் போட ஏற்ற விருது, சரி. ஆனால் வரிசையைப் பாருங்கள். சூப்பர்வைசர்தான் முதல் படி. நாம் கைதட்டும்போது மேல் படியைப் பார்த்துத்தான் தட்டுகிறோம்.

நம் நாட்டில் போலீஸ் தினம் மார்ச் 25. ஏன் அந்தத் தேதி என்றால் 1807-ல் நம் பினாங்குக்கு வந்த நீதிச் சாசனத்தை, அதாவது போலீஸை முறையாக அமைக்க வழி செய்த ஆங்கிலேய அரச ஆணையை வைத்து. ஆக, இந்தப் படையின் பிறந்த வீடு நம் ஊர். இவ்வளவு பழைய நிறுவனத்தைத் திருத்துவது எப்படி என்று 2004-ல் அரச விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் தலைமை. 2005-ல் வந்த அறிக்கையில் 125 பரிந்துரைகள். குவார்ட்டர்ஸ், சம்பளம், பயிற்சி, தடுப்புக்காவல் என்று எல்லாமே இருந்தது. நாடு பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றை: போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் சுயேச்சை ஆணையம். வேண்டும், வேண்டாம் என்று வருடக் கணக்கில் இழுபறி. கடைசியில் 2022-ல் சட்டம் நிறைவேறி, 2023 ஜூலை 1-ல் போலீஸ் நடத்தை ஆணையம் வேலையைத் தொடங்கியது. தானாகத் தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை, பரிந்துரை செய்யலாம். அதுவும் போதாது என்கிற கட்சிதான் நானும். ஆனால் எவ்வளவு பல் முளைத்த ஆணையமாக இருந்தாலும் அது சம்பவத்துக்குப் பிறகு வருகிறது. சம்பவம் நடக்கும் அறையில் இருப்பவர் அந்த ஷிஃப்டு சார்ஜன், கோப்பரலுக்கு அடுத்த மேல் படி.

குகனை நம் சமூகம் மறக்காது. 2009 ஜனவரி, சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையம், கார் திருட்டு விசாரணை, இருபத்திரண்டு வயதில் மரணம். காயம் விளைவித்த குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர் ஒரு கான்ஸ்டபிள். சிவில் வழக்கில்தான், 2013-ல், மேலே இருந்தவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அடிமட்டத்தில் ஒரு கான்ஸ்டபிள், மேலே பெரிய அதிகாரிகள். நடுவில் இருந்த படிகளில் அந்த நாட்களில் யார் என்ன பார்த்தார்கள், யார் வாயைத் திறந்தார்கள்? என் மனது எப்போதும் அந்த நடுப்படியில்தான் போய் நிற்கிறது.

இத்தனைக்கும், அடித்து வாங்கும் வாக்குமூலத்துக்கு நீதிமன்றத்தில் பெரிய மரியாதை கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2007-ல் திருத்தப்பட்ட பிறகு, விசாரணையின்போது சந்தேக நபர் போலீஸிடம் சொன்னதை அவருக்கு எதிரான சாட்சியமாகப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. சில தனிச் சட்டங்களில் விலக்கு உண்டு. திருட்டுப் பொருளை எடுத்துக் காட்டினால் அது செல்லும் என்ற பழைய சாட்சியச் சட்டப் பிரிவும் இருக்கிறது. அடித்துப் பார்க்க ஆசை காட்டுவது அந்தச் சந்துதான். அதே திருத்தத்தில் வந்த 28ஏ பிரிவு, கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் போன் செய்ய விட வேண்டும் என்கிறது. இதெல்லாம் புலாபோலில் பாடம். நிலையத்தில் அதை நடத்திக் காட்ட வேண்டியவர் சார்ஜன்.

பயிற்சி மட்டும் போதும் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் கதை இருக்கிறது. பொய் வாக்குமூலங்களால் நிரபராதிகள் பல வருடம் சிறையில் கிடந்த வழக்குகள் அம்பலமான பிறகு, 1992 வாக்கில் 'பீஸ்' என்ற விசாரணை முறையைக் கொண்டுவந்தார்கள். மிரட்டாமல், திட்டமிட்டு, ஆளைப் பேச விட்டு, பிறகு முரண்பாடுகளைக் கேட்கும் முறை. சாதாரணப் போலீஸ்காரர்களுக்கே ஒரு வார வகுப்பு. 2001-ல் கிளார்க், மில்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை மதிப்பிட்டார்கள். வகுப்பில் கற்றது வேலையிடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை, நேர்காணல்களைக் கவனித்துத் திருத்தும் மேற்பார்வை பெரும்பாலும் இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலைப் பயிற்சியில் நாங்கள் தினமும் புலம்புவது இதேதான்.

நல்ல உதாரணமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் விரோதி என்று முத்திரை குத்திவிடுவீர்கள். எங்கள் பெரியம்மாவுக்கு ஒருநாள் போன். 'கோர்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு' என்று மிரட்டி, பேங்கிலிருந்து காசை மாற்ற வைத்துவிட்டார்கள். அழைத்துக்கொண்டு போலீஸ் பாலாய்க்குப் போனேன். கவுண்டரில் சின்னப் பையன். ஐசி கேட்டான், விலாசம் கேட்டான். பெரியம்மாவுக்குப் பதற்றத்தில் மலாய் வார்த்தையே வரவில்லை. 'பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க ஆண்டி' என்றான். பையன் மேல் குற்றமில்லை, அவன் படிவத்தைப் பார்த்துப் பேசினான். உள்ளேயிருந்து டீ கிளாஸோடு வந்த சார்ஜன் இரண்டு வார்த்தை கேட்டார். பிறகு பையனிடம், 'முதல்ல 997-க்கு அடி. ரிப்போர்ட் அப்புறம் எழுதிக்கலாம். காசு இப்ப ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொரு அக்கவுண்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு' என்றார். 997 என்பது பண மோசடிக்கான அவசர எண். லைன் கிடைக்கும் வரை கவுண்டரை விட்டு நகரவில்லை. பெரியம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். எங்கள் முன்னால் பையனைத் திட்டவில்லை; பிறகு ஒரு ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பையன் அன்று கற்றதை எந்தக் கல்லூரியும் கற்றுத் தந்திருக்காது. ஆனால் அன்று வேறு சார்ஜன் டூட்டியில் இருந்திருந்தால்? டூட்டி ரோஸ்டரில் யார் பெயர் விழுகிறது என்பதை வைத்துத்தான் நமக்குக் கிடைக்கும் போலீஸ் சேவை நல்லதாகவோ கெட்டதாகவோ இருக்கிறது. என் கோபமெல்லாம் இதில்தான்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் ஜாலான் உத்தாமாவில் பந்தலில் நிற்கும்போது இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். ரதம் நெருங்கும்போது கூட்டம் நெருக்கும். இளம் கான்ஸ்டபிள்கள் கூட்டத்தைப் பார்ப்பதில்லை, தங்கள் கோப்பரலின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் சிரித்தபடி கையை நீட்டி வழி கேட்டால் அவர்களும் அப்படியே. அவர் கத்தினால் இவர்களும் கத்துவார்கள்.

மேலே தலைமை சரியாக இருந்தால் கீழே தானாகச் சரியாகும் என்று ஒரு நண்பர் வாதம் செய்தார். 'தானாக' என்ற அந்தச் சொல்லை நம்பி நான் ஒரு தொழிற்சாலையும் உருப்பட்டுப் பார்த்ததில்லை. இன்னொருவர், ஆள் பற்றாக்குறையில் சார்ஜனை வகுப்புக்கு அனுப்பினால் கவுண்டரில் யார் நிற்பது என்றார். இது நியாயமான கேள்வி. அதனால்தான் சார்ஜனைக் கல்லூரிக்கு இழுப்பதைவிட, பயிற்சியாளரை நிலையத்துக்கு அனுப்புங்கள் என்கிறேன். ஷிஃப்டு மாறும் நேரத்தில் அரை மணி நேரம், நேற்று நடந்த ஒரு கைதை எடுத்துப் பேசுங்கள். அப்புறம், புதியவர்களைப் பழக்கும் வேலையை யார் கைக்குக் கிடைத்தாலும் கொடுக்காதீர்கள். ஆளைப் பொறுக்கி எடுங்கள், அதற்கென்று தனி அலவன்ஸ் கொடுங்கள், அவர் மேல் புகார் வந்தால் அந்தப் பொறுப்பை உடனே எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் சான் ஹோசே போலீஸ் 1972-லேயே களப் பயிற்சி அதிகாரி என்று முறையாக ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கோட்டை விட்டால் அந்த ஏற்பாடும் ஷோவினைத்தான் தரும் என்பதை மேலேயே பார்த்தோம்.

பெரிய அதிகாரிகளின் வெளிநாட்டுப் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. போய் வரட்டும். வந்ததும் பத்து சார்ஜன்களை எடுத்து, படித்ததை ஆறு மாதம் அவர்களோடு உட்கார்ந்து செய்து காட்டட்டும்.

அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் பந்தல்காரர்களையும் போலீஸையும் ஒன்றாக உட்கார வைக்கும் கூட்டம் வரும். வழக்கமாக ஒலிபெருக்கி சத்தத்தையும் பார்க்கிங்கையும் பேசிவிட்டுக் கலைந்துவிடுவோம். இந்தத் தடவை நான் ஒரு கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன்: துவான், உங்கள் மாவட்டத்துக்குப் புதிதாக வரும் கான்ஸ்டபிளை முதல் மூன்று மாதம் யார் பக்கத்தில் உட்கார வைக்கிறீர்கள், அந்த ஆளை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? உங்கள் பக்கத்தில் மாவட்டப் போலீஸ் தலைவரான ஓசிபிடியோடு சந்திப்பு ஏதும் நடந்தால் நீங்களும் இதையே கேளுங்கள். கிடைக்கும் பதிலை எனக்கும் அனுப்புங்கள்.