ரிரி வில்லியம்ஸும் இரவல் பட்டமும்

ஒரு பழைய நண்பரின் பதிவுக்குக் கீழே நேற்று நான் போட்ட ஒற்றை வரிக் கமெண்ட், ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மார்வெல் கம்பெனியின் 'அயர்ன்ஹார்ட்' தொடரைத் தாமதமாகப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் எழுதியிருந்தார். அயர்ன் மேனாக இருந்த டோனி ஸ்டார்க் படத்தில் செத்துவிட்டான், சரி, அதற்காக அவன் இடத்தில் ஒரு கறுப்பினச் சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைப்பதா, வேண்டுமென்றால் அவர்கள் சொந்தமாக ஒரு ஹீரோவை உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பது அவர் கட்சி. அந்த 'அவர்கள்' யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அங்கே துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிவிடுகிறேன். அவர் கோபத்தில் பாதிக்கு அடிப்படையே கிடையாது, மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது போய்ச் சேரவேண்டிய விலாசம் அந்தப் பெண்ணுடையது இல்லை.

அந்தப் பெண், ரிரி வில்லியம்ஸ், காமிக்ஸில் தலைகாட்டியது 2016 இல். எழுதியவர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ், வரைந்தவர் மைக் டியோடாட்டோ. சிகாகோக்காரி. 15 வயதிலேயே அமெரிக்காவின் பேர்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் படிக்கிறாள். விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு, டோனியின் பழைய கவசம் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தானே கண்டுபிடித்து, கல்லூரி வளாகத்தில் சுட்ட பாகங்களை வைத்துத் தனக்கென்று ஒன்றைச் செய்கிறாள். காவலாளிகள் வந்து கதவைத் தட்டியதும் அதை மாட்டிக்கொண்டு பறந்துவிடுகிறாள். தகர டப்பாவை ஒட்டவைத்த மாதிரி இருக்கும் அந்த முதல் கவசம், எனக்கு என்னவோ பிற்பாடு வந்த பளபளப்பான சிவப்பைவிட அதுதான் பிடிக்கும். சிறையிலிருந்து தப்பி ஓடும் இரண்டு பேரை அதை வைத்துத்தான் நிறுத்துகிறாள், கவசம் பழுதாகியும் போகிறது. விஷயத்தைக் கேள்விப்பட்டு டோனிதான் அவளைத் தேடி வருகிறான், அவள் அவன் வாசலில் போய் நிற்கவில்லை. அப்புறம் இரண்டாம் சிவில் வார் கதையில் டோனி கோமாவில் விழுந்ததும், அவனுடைய மூளையின் நகல் மாதிரியான ஒரு செயற்கை நுண்ணறிவு அவளுக்குத் துணையாக வருகிறது. ஆகத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த கவசம் என்று நண்பர் சொன்னது கதைப்படியே தப்பு. கவசம் அவள் கையால் செய்தது. வெளியிலிருந்து கிடைத்தது அட்டையில் இருந்த பெயர் மட்டும்தான்: அந்த ஆண்டு நவம்பரில் 'இன்வின்சிபிள் அயர்ன் மேன்' புது வரிசையாகத் தொடங்கியபோது அதன் நாயகி ரிரி.

இன்னொரு விஷயம் நண்பருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதே 2016 இல், ஒரு மாதம் முன்னதாகவே, 'இன்ஃபேமஸ் அயர்ன் மேன்' என்று வேறொரு வரிசை வந்தது. அதிலும் டோனி கிடையாது. அவன் பெயரை எடுத்துக்கொண்டவன் டாக்டர் டூம். லாட்வேரியா என்ற கற்பனை நாட்டின் சர்வாதிகாரி, ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற ஹீரோக் கூட்டத்தின் ஜென்ம விரோதி, எத்தனை தடவை உலகத்தைப் பிடிக்கப் பார்த்தவன் என்று கணக்கே இல்லை. அதையும் எழுதியவர் அதே பெண்டிஸ்தான். 12 இதழ் வந்தது. ஒரு கொடுங்கோலன் டோனியின் பெயரைச் சூடிக்கொண்டதற்கு, 'எங்கள் டோனியை அழித்துவிட்டார்கள்' என்று யாரும் நெஞ்சில் அடித்துக்கொண்டதாக என் கண்ணில் படவில்லை. திருந்தப் பார்க்கும் வில்லன், சுவாரஸ்யமான கதை என்று ஏற்றுக்கொண்டார்கள். நானும்தான்.

அதற்கு முன்னாலும் கவசம் கைமாறியிருக்கிறது. 1983 இல் டோனி குடித்துச் சீரழிந்து தெருவுக்கு வந்தபோது அவன் நண்பன் ஜேம்ஸ் ரோட்ஸ் அதைப் போட்டுக்கொண்டு 1985 வரைக்கும் அயர்ன் மேனாகவே இருந்தான். கறுப்பினத்தவன். அப்போதைய 'சீக்ரெட் வார்ஸ்' கதையில் எல்லா ஹீரோக்களோடும் சேர்ந்து சண்டை போடும் அயர்ன் மேன், டோனி இல்லை, ரோட்ஸ்தான். முகமூடி முழுக்க மூடியிருப்பதால் உள்ளே இருப்பவன் நிறம் வெளியே தெரியாது என்பது அந்தக் கவசத்தின் ஒரு வசதி.

ஆனால் நான் உண்மையில் சொல்லவந்தது மோனிகா ராம்போவைப் பற்றி.

1982 இல் கேப்டன் மார்வெல் புற்றுநோயில் சாகிறான். ஒரு சூப்பர் ஹீரோ சண்டையில் சாகாமல் படுக்கையில் கிடந்து சாவது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆள் போனாலும் பெயரை விட முடியாது, ஏனென்றால் 'கேப்டன் மார்வெல்' என்ற பெயரைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தால்தான் வணிகச் சின்னம் கையில் நிற்கும். அதே ஆண்டில் ரோஜர் ஸ்டெர்னும் ஜான் ரொமிட்டா ஜூனியரும் சேர்ந்து ஒரு புது கேப்டன் மார்வெலைக் கொண்டுவந்தார்கள், அவள்தான் மோனிகா. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகக் காவல் படையில் லெப்டினன்ட், கறுப்பினப் பெண், உடம்பையே ஒளியாக, மின்சாரமாக, எந்த ஆற்றலாகவும் மாற்றிக்கொள்ளக்கூடியவள். ரிரி மாதிரி சிறுமி இல்லை, ஆனால் பட்டம் கைமாறியதில் ரிரிக்கு இவள் மூத்தவள். அவெஞ்சர்ஸில் சேர்ந்து, அந்தக் குழுவுக்கே தலைவியாகவும் ஆனாள். 1980களில்! இன்றைக்கு 'எல்லாம் இப்போது புதிதாகக் கிளம்பிய கூத்து' என்று சொல்பவர்கள் அந்த ஆண்டை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.

அப்புறம் என்ன ஆயிற்று? பழைய கேப்டனுக்கு ஒரு மகன் இருக்கிறான், ஜெனிஸ் என்று, அவன் வந்து அப்பா பெயர் எனக்கு வேண்டும் என்றான். மோனிகா விட்டுக்கொடுத்தாள், ஃபோட்டான் என்று பெயர் மாற்றிக்கொண்டாள். சில வருடம் கழித்து அதே ஜெனிஸ் வந்து ஃபோட்டான் பெயரையும் எடுத்துக்கொண்டான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் பல்சார் ஆனாள், பிற்பாடு ஸ்பெக்ட்ரம் ஆனாள். இதற்கு நடுவே 2012 இல் கேப்டன் மார்வெல் பட்டம் கேரல் டான்வர்ஸுக்குப் போயிற்று, 2019 இல் அவளை வைத்துப் படமும் வந்தது. அந்தப் படத்தில் மோனிகா இருக்கிறாள், கேரலின் தோழியுடைய சின்ன மகளாக. அந்தப் பெயரைப் பல வருடம் சுமந்தவள், அதே பெயரில் வந்த படத்தில் குழந்தை. கேரல் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல கதாபாத்திரம். ஆனால் இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை மோனிகாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நண்பர் கோபப்படவேண்டிய இடம் இதுதான். கம்பெனி இந்தப் பெண்களுக்குப் பட்டத்தைக் கொடுப்பதில்லை, கொஞ்ச நாள் வாடகைக்கு விடுகிறது. சொந்தக்காரன் கோமாவிலோ கல்லறையிலோ இருக்கிறவரைக்கும் நீ போட்டுக்கொள், அவன் எழுந்து வந்ததும் கழற்றி வை. டோனியும் அப்படித்தான் 2018 இல் 'டோனி ஸ்டார்க்: அயர்ன் மேன்' என்று தன் முழுப்பெயரோடு திரும்பி வந்தான். வருவான் என்பது 2016 இலேயே ஊருக்கே தெரியும்.

பின்னே ஏன் சொந்தமாக உருவாக்கக் கூடாது? அமெரிக்காவில் காமிக்ஸ் விற்கும் முறை அப்படி. கடைக்காரர், இதழ் வெளிவருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே எத்தனை பிரதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், விற்காமல் தேங்கினால் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. கைக்காசு போகும். அப்போது பெயரே கேள்விப்படாத ஒரு ஹீரோவுக்கு அவர் எத்தனை பிரதி கேட்பார்? 'அயர்ன் மேன்' என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதனால்தான் புது ஆளைப் பழைய பெயருக்குள் ஏற்றி அனுப்புகிறார்கள். சொந்தமாக உருவாக்கியவர்களும் இருந்தார்கள். 1993 இல் டுவெய்ன் மெக்டஃபி, டெனிஸ் கோவன் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து மைல்ஸ்டோன் என்று ஒரு பதிப்பகமே தொடங்கினார்கள். அதில் ராக்கெட் என்று ஒரு பெண் வருவாள், பதின்ம வயது, கறுப்பினம், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து சும்மா வக்கீலாக உட்கார்ந்திருந்த ஒருவனை 'நீ ஹீரோவாக வேண்டும்' என்று இழுத்துக்கொண்டு வருவதே அவள்தான். அருமையான கதை. 1997 வாக்கில் அந்தக் காமிக்ஸ் வரிசைகள் எல்லாமே நின்றுபோயின. சொந்தமாக உருவாக்குங்கள் என்று இப்போது சொல்பவர்களில் எத்தனை பேர் அதில் ஒரு இதழாவது படித்திருப்பார்கள்?

ரிரி விஷயத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். 2016 அக்டோபரிலேயே ஒரு கடைக்காகத் தனியாகப் போட்ட அட்டையில் அந்த 15 வயதுப் பெண்ணை வயிறு தெரிய, இடுப்பை வளைத்து வரைந்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மார்வெல் அதை நிறுத்தியது. முதல் அட்டைகளிலேயே இந்த லட்சணம். கதையிலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. அவளுடைய வளர்ப்புத் தந்தையும் உயிர்த்தோழி நட்டாலியும் துப்பாக்கிச் சூட்டில் சாகிறார்கள், அதுதான் அவளைச் செலுத்துகிறது. சிகாகோவில் கறுப்பினப் பெண் என்றாலே தெருவில் துப்பாக்கிச் சூடு வந்தாக வேண்டுமா? பெண்டிஸ் மேல் அவதூறு சொல்லவில்லை, மைல்ஸ் மொராலெஸ் என்ற கறுப்பின ஸ்பைடர் மேனையும் உருவாக்கியவர் அவர், நல்ல எண்ணத்தோடு எழுதியவர்தான், ஆனால் அவர் அந்தத் தெருவை வெளியிலிருந்து பார்க்கிறார்.

உள்ளே இருந்து பார்த்தவர் 2018 இல் வந்தார். ஈவ் எல். யூயிங், கவிஞர், சமூகவியலாளர், சிகாகோக்காரர், கறுப்பினப் பெண். 2013 இல் சிகாகோவில் ஏறத்தாழ 50 அரசுப் பள்ளிகளை ஒரே வீச்சில் மூடினார்களே, அதை ஆராய்ந்து எழுதியவர். அவர் கையில் ரிரிக்கு 'அயர்ன்ஹார்ட்' என்று தன் பெயரிலேயே வரிசை கிடைத்தது. நட்டாலியின் சாவு அதிலும் இருக்கிறது, ஆனால் அது சண்டைக்குக் கிளம்ப வைக்கும் சாக்கு இல்லை. தூங்க விடாத, நண்பர்களிடம் வாய்விட்டுப் பேச விடாத துக்கமாக இருக்கிறது. அம்மா இருக்கிறாள், அக்கம்பக்கம் இருக்கிறது, கேலி கிண்டல் இருக்கிறது. 12 இதழோடு முடிந்துவிட்டது. ரிரியை யாராவது படிக்க விரும்பினால் நான் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

திரையிலும் பாருங்கள். 2022 நவம்பரில் 'வகாண்டா ஃபார்எவர்' படத்தில் டொமினிக் தோர்ன் ரிரியாக வருகிறார், வகாண்டா என்ற கற்பனை நாட்டில் ஒரு அட்டகாசமான கவசம் செய்கிறாள், கடைசியில் அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு கல்லூரிக்குத் திரும்புகிறாள். அவளுடைய தொடரின் படப்பிடிப்பும் அதே 2022 இல் நடந்ததுதான். வெளிவந்தது 2025 ஜூன் 24. ஆறு எபிசோடையும் மூன்று மூன்றாக இரண்டு வாரத்தில் கொட்டி முடித்தார்கள். தன் சரக்கின் மேல் நம்பிக்கை உள்ளவன் இப்படி விற்பானா? டோனி பணக்காரனாக இல்லாவிட்டால் டோனியாகியிருக்க மாட்டான் என்ற பொருளில் அவள் ஒரு வசனம் பேசுகிறாள், அதற்கு வேறு பெரிய ரகளை. அவள் கூட்டாளிகளோடு சேர்ந்து கொள்ளையடிக்கிறாள், இவளெல்லாம் ஹீரோவா என்று நண்பரும் கேட்டார். டோனி ஆயுத வியாபாரியப்பா. 2008 படம் தொடங்கும்போது அவன் ஏவுகணை விற்கத்தான் போயிருக்கிறான். அவன் திருந்தியதை நாம் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ரசித்தோம், இவளுக்கு ஆறு எபிசோட்கூடக் கொடுக்க மாட்டோமா? தொடர் பிரமாதம் என்று சொல்லவரவில்லை, நடுவில் இழுக்கிறது, மாயமந்திரப் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. ஆனால் கடைசிக் காட்சியில் தோழியைத் திரும்பப் பெறுவதற்காக அவள் எடுக்கும் முடிவு இருக்கிறதே, அது தப்பான முடிவுதான், அந்தத் தப்பைச் செய்யவிட்டதுதான் எனக்குப் பிடித்தது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது நண்பர் பதில் போடுவதை நிறுத்தியிருந்தார். தூக்கம் வராமல் அவர் பக்கத்தில் கீழே கீழே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையில், படங்களில் டோனியாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் டாக்டர் டூமாக வரப்போகிறார் என்று சான் டியாகோவில் அறிவித்தார்களே, அந்தச் செய்தியைப் பகிர்ந்திருக்கிறார். டோனியின் முகத்தையே எடுத்து வில்லனுக்கு மாட்டப்போகிறார்கள். மேலே மனுஷன் மூன்று நெருப்பு எமோஜி போட்டிருக்கிறார்.