"தேதிதானே" என்று சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நம் சங்கத்தின் பழைய மின்னஞ்சல்களின் தேதிகள் மாறிப்போனதை நான் சொன்னபோது "தேதிதானே, கடிதம் ஒன்றும் தொலைந்துபோகவில்லையே" என்று சொல்லப்பட்டதை நினைத்து எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

நம் சங்கத்தின் மின்னஞ்சல்களைப் புதிய சர்வருக்கு மாற்றிக்கொடுத்த நிறுவனம், பதினோராயிரம் கடிதங்களுக்கும் ஆகஸ்ட் 14 என்று ஒரே தேதியைப் போட்டுவிட்டது. 2009ஆம் ஆண்டின் காவடிக் கணக்கும் போன மாத மின்கட்டண ரசீதும் ஒரே நாளில் வந்தவையாக நிற்கின்றன. மின்னஞ்சலுக்கு இரண்டு தேதிகள் உண்டு. அனுப்பிய தேதி, கடிதத்தின் தலைப்பகுதியான ஹெடரில் 'டேட்' வரியில் இருக்கும். வந்து சேர்ந்த தேதியைச் சர்வர் தனியே குறித்து வைத்திருக்கும். ஐமேப் (சர்வரிலுள்ள அஞ்சல்பெட்டியைக் கையாளும் முறை) வழியாக ஒரு கடிதத்தைப் புதிய சர்வரில் சேர்க்கும்போது பழைய தேதியையும் கூடவே கொடுக்காவிட்டால், சேர்த்த நேரத்தையே சர்வர் வந்த தேதியாக எழுதிக்கொள்ளும். அதைக் கொடுக்கத் தவறியிருக்கிறார்கள்.

திறந்து பார்த்தால் சரியான தேதி தெரிகிறதே என்பீர்கள். தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐமேப்பின் வழக்கமான தேதித் தேடல் வந்த தேதியைத்தான் பார்க்கும். 2015க்கு முன் வந்தவற்றைத் தேடினால் ஒன்றுகூட அகப்படாது. முதியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பல ஆண்டுகள் செயலாளராக இருந்த என் தந்தை அந்தப் பெட்டியிலிருந்து கடைசியாக எழுதிய கடிதத்தின் ஹெடரில், வெள்ளி, 11 மார்ச் 2016, 21:47, +0200 (தென்னாப்பிரிக்க நேரம்) என்று இருக்கிறது. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அவர் காலமானார். இப்போது என் கைப்பேசியில் அந்தக் கடிதம், அவர் இந்த ஆகஸ்டில் உட்கார்ந்து எழுதியது போல மேலே வந்து நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கூட்டத்துக்கு வந்தேன். அங்கே "தேதிதானே" என்றார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது என்பதை, யாரோ தேதியோடு எழுதிவைத்ததால்தானே நாம் அறிகிறோம்? கப்பல் பட்டியலில் பாட்டனாரின் ஒப்பந்த எண்ணையும் ஊரையும் தேடி அலைந்த நமக்கா தேதியின் அருமை தெரியாது?

இது சரிசெய்ய முடியாததும் அன்று. பழைய சர்வர் இம்மாத இறுதிவரை இயங்கும். ஆகஸ்ட் 14க்குப் பின் வந்தவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, இமாப்சிங்க் போல வந்த தேதியையும் சேர்த்துக் கொண்டுசெல்லும் கருவியால் மறுபடி மாற்றலாம். அதைத் தவறவிட்டாலும், டவ்காட் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளில் கடிதத்துக்கொரு கோப்பாக வைத்திருந்தால், கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியைத்தான் அது வந்த தேதியாகக் கொள்கிறது. கடிதத்தைப் பெற்ற சர்வர் ஹெடரின் மேல்வரியில் எழுதிய 'ரிசீவ்ட்' தேதியை ஒரு சிறு நிரலால் அங்கே திருப்பி எழுதி, டவ்காட் தேதிகளைக் குறித்துவைக்கும் பழைய இன்டெக்ஸ் கோப்புகளை நீக்கினால் போதும். அனுப்பியவரின் கணினிக் கடிகாரம் தவறாக இருந்திருக்கலாம் என்பதால் 'டேட்' வரியை இரண்டாவதாகவே நம்ப வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதி நாளை மாலை அந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறேன். செயற்குழுவினர் கையொப்பமிடுவார்களா என்பதை இன்றிரவே தெரிவியுங்கள்.