பதினைந்து கிலோ

கடலூரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். நள்ளிரவுக்குப் புறப்பட வேண்டிய வேன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததையும், திண்டிவனத்தைத் தாண்டியதும் டயர் வெடித்ததையும், பெருங்களத்தூர் நெரிசலையும்கூட நான் மன்னித்துவிடுவேன். யாழ்ப்பாணத்துக்கு ஊழியப் பயணம் சென்ற எங்கள் சபையார் பதினான்கு பேருக்கும், ஓர் ஆளுக்குப் பதினைந்து கிலோதான் அனுமதி என்பதை டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கே செல்வது எழுபது பேர் அளவில் அமரும் சிறிய விசிறி விமானம். அதில் எடைக் கட்டுப்பாடு இருப்பது நியாயமே. ஆனால் அதை முன்கூட்டியே சொல்வதல்லவா முறை?

தராசில் 21.6 என்று சிவப்பு எழுத்து ஒளிர்ந்தபோது, கவுண்டர் மூடப் பத்தே நிமிடம் இருந்தது. ஞானப்பாட்டுப் புத்தகங்களையும், பிள்ளைகளுக்கென்று வீடு வீடாகச் சேர்த்த நோட்டுகளையும் தரையில் பரப்பி, எதை விடுவது என்று எங்கள் போதகர் ஐயா முழங்காலிட்டுப் பிரித்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. கூடுதல் எடைக்குக் கேட்ட தொகையோ, அந்த நோட்டுகளின் விலையைவிட அதிகம். திரும்பிப் போகவிருந்த வேன் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய ஆறு கட்டுகளும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்படியே கிடக்கின்றன.