இந்த நேரத்தில் நாவல் படிக்கலாமா?

போர், வெள்ளம், வேலையைப் பறிக்கப்போகும் இயந்திரம் என்று செய்திகள் குவிகிற நாளில் ஒரு நாவலோடு உட்கார்ந்தால் லேசாகக் குற்ற உணர்வு எட்டிப் பார்க்கிறது. பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்கும் உண்டு. சரி, நாவலை மூடிவிட்டு என்ன செய்கிறோம்? பெரும்பாலும் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். அதனால் போர்முனையில் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கிடைத்துவிடுவதில்லை.

இரண்டாம் உலகப் போர் தொடங்கும் தறுவாயில் லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களை ஊரைவிட்டே அனுப்பிவிட்டது. பிறகு அவை வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்துக்குள் போயின. காலியான அந்தக் கட்டடத்தில் 1939 அக்டோபரில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதிய நேரக் கச்சேரிகளைத் தொடங்கினார். குண்டுவீச்சுக்கு நடுவிலும் அவை 1946 வரை நடந்தன. 1942இல் ஓவியங்களையும் பார்க்கவேண்டும் என்று குரல் எழுந்தது. மாதத்துக்கு ஒன்று என்று சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரே ஓவியம், அதற்கும் கூட்டம். வந்தவர்கள் நாட்டு நடப்பு தெரியாதவர்கள் அல்ல. செய்தி அவர்கள் தலைக்கு மேலேயே பறந்துகொண்டிருந்தது.

இதை வைத்துக் கலை உலகைக் காப்பாற்றும் என்று சொல்லவரவில்லை. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் கைதிகளைக் கொண்டே இசைக்குழு நடத்தினார்கள். அந்த இசையைக் கேட்டவர்கள்தான் கொலையும் செய்தார்கள். கலை மனிதரை நல்லவராக்கும் என்ற பேச்சை நான் அன்றோடு முடிந்ததாகவே நினைக்கிறேன்.

அப்புறம் எதற்கு? எனக்குப் பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாட்டுதான் (194) நினைவுக்கு வருகிறது. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. சேர்ந்திருப்பவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணில் நீர். இப்படிப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்றே திட்டிவிடுகிறார் (இன்றைக்கு எழுதினால் வழக்குப் போடுவார்கள்). இந்த உலகம் கொடியது என்று ஒத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான், இதன் இயல்பு அறிந்தவர்கள் இனியவற்றைக் காணுங்கள் என்கிறார்.

இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'எல்லாம் நல்லதாகவே நடக்கும்' வகை ஆறுதல்கள் சாவு வீட்டைத் தாண்டிக் குதித்து நேரே கல்யாண வீட்டுக்குப் போய்விடுகின்றன. செய்தி ஓடைகளோ சாவு வீட்டைவிட்டு நம்மை நகரவே விடுவதில்லை. நல்ல இலக்கியத்தில் இரண்டு ஓசையும் ஒன்றாகக் கேட்கிறது. நான் நாவலைத் தேடிப்போவது அதற்காகத்தான், தப்பி ஓடுவதற்காக அல்ல.

அந்தப் பாட்டு மொத்தமே ஏழு வரிதான். கடைசி வரியை மட்டும் வெட்டிக் காலை வணக்கப் படத்தில் போட்டு அனுப்பாமல், முழுசாக ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.